ஒப்பாரிக்கு வந்த பியானோ

கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாட்டுப்புற ஆல்பத்துக்கு ஒப்பாரி பதிவு செய்ய, பாடகி கயல்விழி தன் பியானோவோடு தனியாகத்தான் சென்னையிலிருந்து சொந்த ஊரான பூதலூர் வந்து சேர்ந்தாள். துணி போர்த்திய பியானோவை நாலு பேர் வேனிலிருந்து தூக்கி வாசலில் வைத்ததும், அவள் கேட்காமலேயே பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவசரமாக மைக்கை ஆன் செய்தாள்.

"சூப்பர் அத்தை! நிஜமாவே அழறீங்களே!"

"அழாம என்னடி பண்ணுவேன்?" ரெங்கம்மாள் அத்தை மூக்கைச் சிந்தினாள். "இன்னும் எவ்வளவு நேரம் மூடியே வெச்சிருப்பே? மாப்பிள்ளை முகத்தை ஒரு தடவை காட்டுடி."

கயல்விழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணியை உருவி மூடியைத் திறந்து காட்டினாள்.

அத்தை எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! பல்லு மட்டும்தானாடி மிஞ்சுச்சு?"