மரத்துப்பாக்கியோடு மாமனார்

இடுப்பில் மரத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு எதிர்க்கட்சித் தலைவரைச் சுடப் போய்க்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி.

பதறாதீர்கள். இரண்டு கட்சிகளும் சேர்ந்துதான் அனுப்பின.

தலைவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்க, இரு தரப்பிலும் சரிபாதி ஆட்களைப் போட்டு ஒரு குழு வைத்திருந்தார்கள். தாங்கள் கூடும் அறையின் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்க அந்தக் குழுவுக்கு நான்கு கூட்டம் பிடித்தது. அதற்குள் ஜன்னலே கழன்று விழுந்துவிட்டது. அப்பேர்ப்பட்ட குழு, காவலைச் சோதித்துப் பார்க்கப் போலிக் கொலைகாரன் வேண்டும் என்றபோது என்னை மட்டும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டது. சட்டமன்றக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இயக்கியவன் நான். இரண்டு கட்சியையும் சமமாகத் திட்டியவன்.

விதி இதுதான். தடுக்கப்படாமல் தலைவருக்குக் கைக்கெட்டும் தூரம்வரை போய்விட்டால், வாசலில் சோதனை போடும் காவலருக்கு அன்றோடு வேலை போகும். நான் பாதியில் நின்றாலோ, ஜாடை காட்டினாலோ அவருக்கு அதே கதிதான்.

பின்னால் ஆளுங்கட்சிக்காரர் ஒருவரும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல நடந்து வந்தார்கள். காவலர் கோட்டைவிட்டால், 'தண்டக் காவல், குறையுங்கள்' என்பார் முன்னவர். 'போதாத காவல், கூட்டுங்கள்' என்பார் பின்னவர். நான் ஜெயிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே வேண்டுதல்.

தலைவர் அறை வாசலில் நின்ற காவலர் திரும்பினார்.

என் மாப்பிள்ளை.

யாருக்குக் காவல் என்பதை வீட்டில் சொல்லக் கூடாது என்பது அவர் உத்தியோகத்தின் கட்டளை. என் மகளுக்கே தெரியாது. அவளும் இரண்டு பேத்திகளும் இருப்பது காவலர் குடியிருப்பில். வேலை போனால் வீடும் போகும்.

எனக்கு முன்னால் வந்த டாக்டரின் ஷூவைக் கழற்றச் சொல்லி, சாக்ஸுக்குள் எட்டிப் பார்த்தார் மாப்பிள்ளை. அதற்கும் முன்னால் ஒரு கைக்குழந்தையின் பால்புட்டியை முகர்ந்து பார்த்திருந்தார். அப்பாடா என்றிருந்தது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"அய்யய்யோ, என்ன மாமா இது! கைய இறக்குங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே மாப்பிள்ளை. தடவிப் பாருங்க."

"உங்க மேல கை வெச்சேன்னு தெரிஞ்சா உங்க பொண்ணு என்னை வீட்டுக்குள்ள விடுவாளா? தலைவரப் பாக்கணும், அவ்வளவுதானே? வாங்க."

பின்னால் ஓர் இருமல் கேட்டது. அதற்கு மேல் வாயைத் திறந்தால் ஜாடை என்று எழுதிவிடுவார்கள்.

வாசலைச் சகாவிடம் விட்டுவிட்டு, என் முழங்கையைப் பிடித்து அவரே உள்ளே கூட்டிப்போனார். "பாத்து மாமா, படி இருக்கு."

இருபதடி தூரத்தில் தலைவர் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

வயிற்றை முன்னால் தள்ளினேன். துப்பாக்கியின் பிடி சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்க்காமலேயே, மரியாதையாகச் சட்டையை இழுத்துவிட்டார். வாயுத் தொல்லை என்று நினைத்திருப்பார்.

பத்தடி.

எட்டடி. பின்னால் இரண்டு கட்சியும் மூச்சுவிடவில்லை.

நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். இன்னும் மூன்று எட்டில் தன் பிழைப்பு முடியப்போகிறது என்று தெரியாமல், எனக்கு உட்கார நாற்காலி தேடிக்கொண்டிருந்தது அந்த முகம். எனக்கு மனசு கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"உங்கள மாதிரி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றேன்.

அடுத்த நொடி நான் தரையில் குப்புறக் கிடந்தேன். என் முதுகில் அவர் முழங்கால். அவர் கையில் என் துப்பாக்கி. தலைவர் மேசைக்கு அடியில். என் மேல்வரிசைப் பல்செட் ஆளுங்கட்சியின் காலடிக்கும், கீழ்வரிசை எதிர்க்கட்சியின் காலடிக்கும் உருண்டு போயிருந்தன.

மதியம் குழு கூடியது. வேலை தப்பிய மாப்பிள்ளை விறைப்பாக நின்றார். நான் பொக்கை வாயோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"அவ்வளவு தூரம் உள்ள விட்டுட்டு, கடைசி நிமிஷத்துல எப்படிய்யா கண்டுபிடிச்சே?" என்று கேட்டார்கள்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை.

"யாரோ என் மாமனார் மாதிரியே வேஷம் போட்டு வந்திருக்கான்னு நினைச்சேன் சார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆச்சு. அவர் என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னதே இல்ல."

இரண்டு கட்சியும் என்னைத் திரும்பிப் பார்த்தன. பிறகு, ஒரு திருத்தமும் கேட்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டன.