பிணவாடைப் பூ

பிண வாடை மூக்கில் ஏறியதும் நூருல் அமீனின் முகம் மலர்ந்தது. அன்னக்கொடியோ வழியோரப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மதுரைக் காலேஜில் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் சொல்பவர் அவர். சிறுமலைக்கு வழிகாட்ட ஆள் கேட்டதும் அவள் சம்மதித்தது வேறு காரணத்துக்காக. மழை பொய்த்த வருடம். வாடிப்பட்டிப் பக்கம் பாதிப் பேர் வயிற்றுக்கு மலைக்கிழங்குதான். பத்து நாளைக்கு முன்னால் கிழங்கு தோண்ட இந்தப் பள்ளத்துக்கு வந்த அவள் புருஷன் பேயாண்டி வீடு திரும்பவே இல்லை. தேயிலைத் தோட்டத்துக்கு ஓடியிருப்பான் என்று ஊர் கைகழுவிவிட்டது. தனியாகத் தேடி வர அவளுக்குத் துணிச்சல் இல்லை.

"ஐயா, இந்த நாத்தம்..."

"பயப்படாதம்மா. நான் தேடி வந்த பூவோட நாத்தம் அது. சேனை வகையறா. விரிஞ்ச அன்னைக்கு மட்டும் பிணம் மாதிரி நாறி ஈயைக் கூப்பிடும். மொட்டுல ஒரு வாடையும் இருக்காது."

"நெசமாவாங்கய்யா?"

"கிழங்கையும் இலையையும் போன வருசமே பாத்து வரைஞ்சாச்சு. பூவையும் பாத்து வரையாம புது இனம்னு எவனும் ஒத்துக்க மாட்டான். இந்த மலையிலயே நான் கண்டது ஒத்தைச் செடிதான். அந்தா, அந்தப் புதருக்குப் பின்னாடி."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. தாலிக்கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாவி மனுஷன் தோட்டத்திலேயே கிடக்கட்டும், இன்னொருத்தியோடுகூட இருந்து தொலைக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்தது.

"ஒரு பூவுக்கா இம்புட்டு பயந்தேன்" என்று சிரித்துக்கூடப் பார்த்தாள்.

நூருல் அமீன் காகிதமும் பென்சிலுமாக முன்னால் ஓடினார். அந்த நாற்றத்தை அத்தர் போல இழுத்துக்கொண்டே போனார். அன்னக்கொடியும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

புதரை விலக்கிக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பென்சில் கையிலேயே நின்றது. பிறகு, அதுவரை தேவைப்படாத கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார்.

"பூத்திருக்குல்லய்யா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மொட்டு இன்னும் விரியலைம்மா."