ஏழு வரி அட்டை

“கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன் மேடம்” என்றார் மீசைக்காரர். மூன்று நாளில் இது மூன்றாவது தடவை.

பயிற்சி அதிகாரி வாயே திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். பிஸ்கெட் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் பேக்கிங் மெஷினை எப்படி ஓட்டுவது என்று ஏழே வரியில் ஓர் அட்டை எழுதியிருந்தாள். முதலில் கையால் எழுதி, ஓர் ஆளை வைத்துச் சோதித்து, அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தி, அப்புறம்தான் அச்சுக்குக் கொடுப்பாள். கூடவே நின்று விளக்கிக்கொண்டிருந்தால் அட்டைக்கு என்ன வேலை?

அந்த மெஷினை ஓட்டவேண்டிய மீசைக்காரரோ முதல் வரியைக்கூடத் தாண்டவில்லை. அட்டையைக் கிட்டே கொண்டுபோனார், எட்டப் பிடித்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். “வெளிச்சமும் கொஞ்சம் மட்டம்” என்று லைட்டின் மேல் பழியைப் போட்டார்.

அடுத்த நிமிடமே, பக்கத்துப் பழைய மெஷினிலிருந்து விழுந்த பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, “ஏம்ப்பா, கவர்ல மயிரிழை கிழிசல் விழுது, நிறுத்து!” என்று கத்தினார். வாங்கிப் பார்த்தால் கிழிசல் இருக்கத்தான் செய்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. இந்தக் கண்ணுக்கா கண்ணாடி? யோசித்துப் பார்த்தால், அவர் பேனா பிடித்து அவள் பார்த்ததே இல்லை. வருகைப் பதிவுகூடக் கட்டைவிரலை வைக்கிற மெஷினில்தான். பாவம், மனிதருக்கு எழுத்து வாசனையே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை மேனேஜர் நேரில் வருகிறார். அட்டையைப் பார்த்து மெஷினை ஓட்டத் தெரியாத ஆள் குடோனில் மூட்டை தூக்கப் போகலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த அட்டையைக் கையில்கூட வாங்கிப் பார்க்காமல் ‘பிரமாதம்’ என்று தலையாட்டியவரும் அவரேதான். ஐம்பத்து நாலு வயதில், இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு நடக்கிற மனிதர் மூட்டை தூக்குவதா?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காகிதமும் கலர் பென்சிலுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்குப் போன கணவன் பையோடு திரும்பி வந்தான்.

“பூண்டு எங்கே?”

“பூண்டா? பூட்டுல்ல வாங்கிட்டு வந்திருக்கேன்!”

“சீட்டு எழுதிக் குடுத்தும் இந்த லட்சணமா? கவனமெல்லாம் எங்கேதான் இருக்கோ!”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கி, பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தான்.

மத்தியானத்துக்குள் புது அட்டை தயார். காகிதச் சுருளை மாட்டும் கை, சூடு காட்டும் முள் நிற்க வேண்டிய இடம், கீழே இறங்கும் மூடி, கடைசியில் பச்சைப் பட்டனை அமுக்கும் விரல். ஏழும் படம், மருந்துக்குக்கூட ஓர் எழுத்து கிடையாது.

திங்கட்கிழமை மீசைக்காரர் அதை ஒரு தடவைதான் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. மாட்டினார், திருகினார், இறக்கினார், அமுக்கினார். நாலே நிமிடத்தில் பாக்கெட்டுகள் வரிசை கட்டி வந்து விழுந்தன.

“சபாஷ்! இனிமே எல்லா மெஷினுக்கும் படம்தான்” என்று மேனேஜர் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு மனிதரின் பிழைப்பையும் மானத்தையும் ஒருசேரக் காப்பாற்றியாகிவிட்டது.

மீசைக்காரரைத் தனியே கூப்பிட்டாள்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. படிக்கத் தெரியாதது ஒண்ணும் குத்தமில்ல. தினம் வேலை முடிஞ்சதும் அரை மணி நேரம் உட்காருங்க, நானே எழுதக் கத்துத் தர்றேன்.”

“எழுதவா? நீங்களா?” மீசைக்காரர் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“இதுல என்னண்ணே வெட்கம்?”

“வெட்கம் இல்ல மேடம். உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் இத்தனை நாளும் கண்ணாடி, வெளிச்சம்னு எதையாவது சொல்லிச் சமாளிச்சேன்.”

“என் மனசு எதுக்குக் கஷ்டப்படணும்?”

மீசைக்காரர் அக்கம்பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குப் படிக்க நல்லாவே வரும் மேடம், உங்க கையெழுத்தைத்தான் படிக்க வரலை!”