ஓரகத்தியின் காய்ச்சல்

ஹாசினியின் குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குத் தாவிய புற்றுநோயை அவள் உடம்பு வீட்டு ஆள் போலவே நடத்தியது. எத்தனை மருந்து கொடுத்து உசுப்பினாலும் எதிர்ப்புச் செல்கள் கட்டியின் வாசலோடு திரும்பின. கல்லீரலுக்குள் போனவை அங்கேயே செத்தன.

அப்படிப்பட்டவர்களுக்கு இப்போது இரவல் உடம்பு உண்டு. கட்டியிலிருந்து ஒரு துணுக்கை இன்னொருவர் கையில், தோலுக்கடியில் வைப்பார்கள். அந்த உடம்பு காய்ச்சல் கண்டு எதிர்த்தால், சண்டை பழகிய செல்களை எடுத்து நோயாளிக்கு ஏற்றுவார்கள். ஹாசினிக்குப் பொருந்தியவள் ஓரகத்தி மிருதுளா ஒருத்திதான். ஹாசினி தன் மகளின் பூப்புச் சடங்குக்கு அழைக்கவில்லை என்று பேச்சையே நிறுத்திக்கொண்டவள்.

சம்மதம் வாங்கும் அறையில் ஆலோசகர், "ரெண்டு பேரும் கையைப் பிடிச்சு மனசார ராசியாகணும். அதுதான் இங்க முறை" என்றார்.

"ராசியெல்லாம் ஆக முடியாது. ஊசியைப் போடுங்க" என்று மிருதுளா கையை அவரிடம் நீட்டினாள்.

"பரிதாபப்பட்டு வந்திருந்தா இப்பவே கிளம்புங்கக்கா" என்றாள் ஹாசினி.

"பரிதாபமா? செத்துப்போய் நல்லவங்கிற பேரை வாங்கப் பார்க்குறியா? விடமாட்டேன்டி. உசுரோட இருந்து எனக்குப் பதில் சொல்லு."

ஆலோசகர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

மிருதுளாவின் கை வீங்கிச் சிவந்தது. காய்ச்சல் இறங்கினால் செல்கள் சோர்ந்துவிடும் என்று அவள் மாத்திரையைத் தொடவே இல்லை. அவளிடமிருந்து எடுத்த செல்களை ஒரு மதியம் ஹாசினிக்கு ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள், நோய் வந்த பிறகு முதன்முறையாக, ஹாசினியின் உடம்பு கொதித்தது. நர்ஸ் ஈரத்துணியோடு ஓடிவந்தாள்.

"தொடாதீங்க" என்றாள் ஹாசினி, நடுங்கிய தாடையை இறுக்கிக்கொண்டு. "அக்கா உள்ள வந்துட்டாங்க. அடிச்சு முடிக்கட்டும்."