இந்தா

மேடையில் வெல்வெட் மெத்தை. மெத்தையில் அவளுடைய நாய்.

அவளுடையது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மீன் வாடை போக மூன்று தரம் சோப்பு போட்டுக் கைகழுவிவிட்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

காப்பகத்தின் ஆண்டு விழா. அதை நடத்தும் வெள்ளைக்கார ஹில்டா அம்மா மைக்கில் இங்கிலீஷில் பேசினார். மாட்டு டாக்டர் அதைத் தமிழில் சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் பின்னங்கால் ஒடிந்து கிடந்த நாயை அம்மா கண்டெடுத்தார்களாம். சீமைக்குப் போய் நன்கொடை திரட்டி இந்தக் காப்பகத்தைக் கட்டினார்களாம். அதற்கப்புறம் எத்தனையோ நாய்கள், கழுதைகள், ஒரு குருட்டுக் குதிரை.

"ஒரு வாய் சோறு போட ஆளில்லாத ஜீவன் இது," என்றார் டாக்டர்.

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அதற்கு முன்னால் மூன்று வருஷம். அரிவாள்மணையில் மீன் நறுக்கும்போது தினமும் ஒரு தலையைத் தனியே ஒதுக்கி வைப்பாள். இந்தா என்று நீட்டுவாள். அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பேரெல்லாம் வைக்கவில்லை. பெற்ற பிள்ளைக்கே மூன்று மாதம் கழித்துத்தான் வைத்தாள்.

கால் ஒடிந்த நாயை ஹில்டா அம்மாவின் ஜீப்பில் ஏற்றியபோது மீன்தலையோடு பின்னாலேயே ஓடினாள். இந்தா, இந்தா என்று கத்திக்கொண்டு.

ஓடியது யாருக்கும் நினைவில்லை. அந்தச் சொல்லைப் பேர் என்று நினைத்துக்கொண்டார்கள். வாசல் பலகையில் ஆளுயர எழுத்து: இண்டா காப்பகம்.

ஹில்டா அம்மா குனிந்து கொஞ்சினார். பாதிக் கண் போன அந்த நாய் அவர் கையை நக்கியது.

பொறாமைதான். வேறென்ன. காலை ஒட்டவைத்தது அவர். சொறியை ஆற்றியது அவர். இவள் கொடுத்தது யாரும் வாங்காத தலை.

தெரியும். தெரிந்தும் எரிந்தது.

விழா முடிந்து எல்லோரும் மெத்தையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். அவள் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். வாய்க்குள்ளேயே சொன்னாள்.

இந்தா.

நாயின் காது விறைத்தது.

எழுந்தது. மெத்தையைவிட்டு இறங்கியது. ஆட்களின் கால்களுக்கு நடுவே முட்டி மோதி வந்து அவள் முன்னால் நின்றது. ஒட்டவைத்த கால் ஆட, முன்னங்காலைத் தூக்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையில் ஒன்றும் இல்லை. வாடைகூட இல்லை.

ஹில்டா அம்மா கூப்பிட்டார். இண்டா. இண்டா.

ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது.

அவள் வெறுங்கையை நீட்டினாள். உள்ளே ஏதோ இருப்பதுபோல விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.