மச்சானுக்கேற்ற டிராக்டர்

"முதல்ல என் மச்சான் ஏறி உட்காரட்டும். அப்புறம்தான் விலை பேசறது" என்று லம்ஜத் சொன்னதுமே டிராக்டர் வியாபாரி பெஷீர் அந்த மச்சானை ஏற இறங்கப் பார்த்தார்.

மச்சான் நௌஃபல் பேரீச்சை மரம் போல் வளர்ந்தவர். ஆலிவ் கிளைகளுக்கு அடியில் நுழைகிற குட்டி டிராக்டரில் அந்தக் கால்களை எங்கே மடக்குவது?

பெஷீர் தேடிப் பிடித்து ஒன்றைக் காட்டினார்.

"அடேயப்பா, காலை நீட்டித் தூங்கலாம்!" என்றார் நௌஃபல்.

"வேண்டாம்" என்றார் லம்ஜத்.

அடுத்ததில் இருக்கையைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார்.

"இது அதைவிட சொகுசு!"

"வேண்டவே வேண்டாம்."

பெஷீருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்ஃபாக்ஸ் நகரையே சல்லடை போட்டாலும் இதற்குமேல் வசதியான வண்டி கிடைக்காதே!

அதற்குள் நௌஃபல், மூலையில் நின்ற, இருக்கை நகராத வண்டியில் தானே ஏறினார். முழங்கால் ஸ்டீயரிங்கில் மடாரென்று இடித்தது. "யா அல்லாஹ்!" என்று நொண்டியபடி வெளியே போனார்.

"இதையே குடுங்க" என்றார் லம்ஜத், முகமெல்லாம் பல்லாக.

"அவருக்குக் காலே நுழையலையே!"

"ஓட்டப் போறது நான்." லம்ஜத் குரலைத் தாழ்த்தினார். "என் பழைய வண்டியை மச்சான் 'ஒரே நாள்'னு இரவல் வாங்கிட்டுப் போனான். ஆலிவ் அறுவடை முடிஞ்சுதான் திரும்பி வந்துச்சு. பொண்டாட்டியோட அண்ணன்கிட்ட 'தர முடியாது'ன்னு நான் சொல்ல முடியுமா? இனிமே வண்டியே சொல்லிடும்."