பாதாளக்கரண்டி

‘தொபுக்கடீர்!’

பீடி வாங்கப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த கோமதிநாயகம், எரிச்சலோடு கிணற்றடிக்கு ஓடினார்.

“நம்ம வீட்டு வாளி மட்டும் தினமும் குளிக்கப் போவுதே! ஒரு முடிச்சு போடத் தெரியாதாட்டி உனக்கு?”

“கயிறு வழுக்கிட்டுங்க” என்று தலைகுனிந்தாள் மனைவி முப்பிடாதி.

முப்பது வருஷப் பீடியை நிறுத்தும்படி சங்கரன்கோவில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிப் பத்து நாளாகிறது. மதியம் சாப்பிட்டதும் வாய் நமநமக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் வாளி விழும். பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, துழாவித் துழாவி வாளியை மேலே கொண்டுவருவதற்குள் அரைமணி ஓடிவிடும். வேட்டி நனைந்து, கடைக்குப் போகும் நினைப்பே அவருக்கு மறந்துவிடும்.

மறுநாள் மதியம் சாப்பிட்டு வெகுநேரமாகியும் கிணற்றில் சத்தமே இல்லை. முப்பிடாதி வாசலில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சில் மூழ்கியிருந்தாள். கோமதிநாயகம் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வாசலுக்கு வந்தார். அவளருகே போய்க் குனிந்து, மெல்லச் சொன்னார்:

“ஏட்டி மகராசி, பேசுனது போதும். போயி வாளி முடிச்ச அவுத்து விடு, காலு கடைக்கு இழுக்குது!”